உலைக்களத்துக்கு இரண்டு வாசல்

நம் நாட்டில் கைத்தொழிலை இகழ்ந்து பேசுகிற மனிதரை நான் இதுவரை கண்டதில்லை. மேடை ஏறுகிறவர்கள் எல்லோரும் அதைப் புகழ்கிறார்கள். பள்ளிக்கூடப் புத்தகங்கள் புகழ்கின்றன. கண்காட்சியைத் திறந்துவைக்க வருகிற பெரியவர்கள், நாடாவை வெட்டிய கத்தரிக்கோல் கையில் இருக்கும்போதே புகழ்கிறார்கள். அந்தக் கத்தரிக்கோலைச் செய்கிற தொழிலைத் தம் பிள்ளைக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று புறப்பட்ட பெரியவர் ஒருவரைத்தான் நான் இன்னும் சந்திக்கவில்லை.

தன் பிள்ளைக்குக் கொடுக்க மனம் வராத ஒன்றை ஒருவன் மனமாரப் புகழ முடியுமா? முடியும் என்றால் அந்தப் புகழ்ச்சிக்கு என்ன மதிப்பு? இந்தக் கேள்வி எனக்குப் புத்தகத்திலிருந்து வரவில்லை. ஓர் உளியிலிருந்து வந்தது.

மரத்தில் செதுக்கிப் பழகுகிறவனுக்கு ஓர் உளி போதாது. தட்டை வாய் உளி வேண்டும். குழிவாகத் தோண்ட நகவுளி வேண்டும். இதழின் ஓரத்தையும் விரலின் இடுக்கையும் எடுக்க முனை கூரிய சிற்றுளிகள் வேண்டும். அகலம் நூல் கணக்கில் மாறும். கடையில் கிடைக்கிற உளிகள் பெரும்பாலும் கதவும் ஜன்னலும் செய்கிறவர்களை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. வாகைக் கட்டையில் ஒரு கண் இமையை எடுக்க வேண்டுமானால், அதற்கென்று வளைவு சொல்லிச் செய்துகொள்வதுதான் வழி. அப்படி ஒரு நகவுளி செய்யச் சொல்லலாம் என்று காரைக்காலிலிருந்து திருநள்ளாறு போகிற வழியில் ஒரு கொல்லுப் பட்டறைக்குப் போனேன். செய்யச் சொல்வதைவிடச் செய்யக் கற்றுக்கொண்டால் என்ன என்ற ஆசை அங்கே பிறந்தது. ஆசாரியார் மறுக்கவில்லை. கொஞ்சம் சிரித்தார், அவ்வளவுதான்.

பட்டறைக்குள் நுழைந்ததும் முதலில் தெரிவது இருட்டு. வசதியின்மையால் வந்த இருட்டு என்றுதான் வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் நினைப்பார்கள். உண்மையில் அந்த இருட்டு ஒரு கருவி. காய்ந்த இரும்பின் சூட்டைக் கொல்லன் நிறத்தால் அறிகிறான். வெயிலில் வைத்துப் பார்த்தால் நல்ல சிவப்பும் கறுப்பாகத் தெரியும். நிழலில்தான் மங்கிய சிவப்பு, பழச் சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள் என்று படிகள் பிரியும். மஞ்சளுக்கு அருகே இருக்கும்போது இரும்பு களிமண்ணைப் போல இணங்கும். மங்கிய சிவப்புக்கு இறங்கிய பிறகும் அடித்தால் உள்ளே மயிரிழை போல விரிசல் விடும். அந்த விரிசல் அன்றைக்குத் தெரியாது. என்றைக்கோ ஒருநாள் மரத்தில் வைத்துத் தட்டும்போது தெரியும்.

தோல் துருத்தி இப்போது இல்லை. மின்சார ஊதி ஒன்று உலைக்குக் காற்றுத் தருகிறது. கருவேலங்கரி, குறடு, சம்மட்டி, அடைகல் இவை பழையபடியே இருக்கின்றன. உளிக்கான இரும்பு லாரியின் தேய்ந்துபோன வில்பட்டையிலிருந்து வந்தது. சாதாரண இரும்பில் உளி செய்தால் வாய் மடங்கிவிடும். வில்பட்டை எஃகு, நூற்றுக்கு அரைப் பங்குக்குச் சற்று மேலே அதில் கரி கலந்திருக்கிறது. அந்த அரைப் பங்குக் கரிதான் இரும்புக்குக் குணம் கொடுக்கிறது. பல டன் பாரத்தைச் சுமந்து ஊர் ஊராய்ச் சுற்றிய ஒரு பட்டை, கடைசியில் ஒரு மரப்பதுமையின் இமையைத் திறந்துவைக்கப் போகிறது என்று எண்ணிக்கொள்வது எனக்கு வேடிக்கையாக இருந்தது. ஆசாரியாருக்கு அதில் வேடிக்கை ஒன்றும் இல்லை. கிடைக்கிற இரும்பில் நல்லது அதுதான் என்றார்.

உருவம் கொடுப்பது பாதி வேலை. பெரிய வேலை துவைச்சல். வாய்ப்பக்கத்தை மறுபடியும் பழச் சிவப்புக்குக் காய்ச்சி, சரியான தருணத்தில் எண்ணெயில் தோய்க்க வேண்டும். அந்தத் தருணம் எது? சுமார் 770 டிகிரி சென்டிகிரேடில் எஃகு காந்தத்தின் கவர்ச்சியை இழந்துவிடுகிறது என்று விஞ்ஞானம் சொல்கிறது. அதற்குச் சற்று மேலே போனதும் தோய்த்துவிட வேண்டும். ஒரு காந்தத் துண்டைக் கம்பியில் கட்டி வைத்துக்கொண்டால் புதியவனும் அதைக் கண்டுகொள்ளலாம். ஆசாரியாரிடம் காந்தம் இல்லை. "இப்போ" என்பார். அந்த ஒரு சொல்லுக்குள் நாற்பது வருஷம் இருந்தது.

தோய்த்து எடுத்த உளி கண்ணாடியைப் போல் கடினமாகிவிடும். கண்ணாடியைப் போலவே உடையவும் செய்யும். ஆகவே அதன் கடினத்தைக் கொஞ்சம் திருப்பி எடுக்க வேண்டும். வாயைத் தேய்த்துப் பளபளப்பாக்கி, காம்புப் பக்கத்தைச் சூடான இரும்புக் கட்டியின் மேல் வைத்தால், சூடு மெல்ல முன்னோக்கி ஓடும். அதோடு நிறங்களும் ஓடும். முதலில் வெளிறிய வைக்கோல் நிறம், பிறகு தேன் நிறம், பிறகு கத்தரிப்பூ, கடைசியில் நீலம். வைக்கோலிலிருந்து நீலம் வரை ஏறக்குறைய 220 டிகிரியிலிருந்து 300 டிகிரி வரையுள்ள பயணம் இது. மேற்பரப்பில் படர்கிற மெல்லிய ஆக்சைடுப் படலம் தடிக்கத் தடிக்க ஒளி வேறுவேறு நிறமாகத் திரும்புகிறது. செதுக்கு உளிக்கு வைக்கோல் முடிந்து தேன் தொடங்குகிற இடத்தில் நிறுத்த வேண்டும். நீலம் வரை விட்டால் உளி உடையாது. ஆனால் கூர் நிற்காது.

இந்த நிற ஓட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை மறைக்க விரும்பவில்லை. நல்ல சங்கீதம் கேட்கும்போது மூச்சு ஒரு கணம் நிற்குமே, அப்படி இருந்தது. அந்த உற்சாகத்தில் ஆசாரியாரிடம், "உங்கள் பிள்ளைகளுக்கு இதெல்லாம் தெரியுமா?" என்று கேட்டேன்.

"பெரியவன் ஐ.டி.ஐ. முடிச்சுட்டு சிங்கப்பூர்ல வெல்டரா இருக்கான் சார். சின்னவன் காலேஜ் போறான்."

"கூப்பிட்டால் வரமாட்டார்களோ?"

"கூப்பிட்டா வருவாங்க. நான்தான் கூப்பிடலை." உளியைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "எங்கப்பா என்னைக் கேக்கலை சார். நாலாங் கிளாஸ்ல சிலேட்டை வாங்கி வச்சுட்டு சம்மட்டியைக் குடுத்தாரு. நீங்க ஆசைக்கு வர்றீங்க. நாங்க விதிக்கு வந்தோம். ரெண்டு பேரும் பாக்குறது ஒரே நெருப்புதான். ஆனா உங்களைச் சுடாது."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. வண்டி எத்தனை மணிக்கு என்று கேட்டால் சொல்வதைப் போலச் சொன்னார். ஆனால் கைத்தொழிலின் மேன்மையைப் பற்றி நான் படித்திருக்கிற பக்கங்களை எல்லாம் அந்த வார்த்தைகளுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

ஆசைக்கு வருகிறவன் மாலை ஐந்து மணிக்கு எழுந்து வீட்டுக்குப் போகலாம். மறுநாள் வராமலும் இருக்கலாம். அவன் அனுபவிக்கிற இனிமையில் நெருப்பின் நிறம் எவ்வளவோ, எழுந்துபோகிற சுதந்திரமும் அவ்வளவு கலந்திருக்கிறது. அதே நிறத்தை வேறு போக்கிடம் இல்லாமல் நாற்பது வருஷம் பார்த்தவனுக்கு அது அழகாகத் தோன்றாது என்று நான் சொல்லமாட்டேன். ஆசாரியார் ஒரு நல்ல உளியைப் பார்க்கிற பார்வையில் பெருமை இருந்தது. ஆனால் அந்தப் பெருமை, மறுக்க முடியாதவன் தேடிக்கொண்ட பெருமை. தன் மகனுக்கு அதைக் கொடுக்க அவர் துணியவில்லை. தொழிலை வெறுத்ததனால் அல்ல. மறுக்கிற உரிமை தனக்குக் கிடைக்கவில்லை, மகனுக்காவது கிடைக்கட்டும் என்பதனால்.

இந்த வழக்கு நம் நாட்டில் புதிதல்ல. 1953 ஆம் ஆண்டு சென்னை ராஜ்யத்தில் முதலமைச்சராக இருந்த ராஜாஜி, கிராமத்து ஆரம்பப் பள்ளிகளுக்கு ஒரு புதிய திட்டம் கொண்டுவந்தார். பிள்ளைகள் நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் பள்ளிக்கூடத்தில் படிப்பது. மீதி நேரம் வீட்டுத் தொழிலில் பெற்றோருக்குத் துணையாக இருந்து பழகுவது. அவர் தரப்பிலும் நியாயம் இல்லாமலில்லை. பள்ளிக்கூடங்கள் போதவில்லை, இரண்டு முறையாக நடத்தினால் இன்னும் பல குழந்தைகள் படிக்கலாம், கையால் செய்கிற வேலையைக் கேவலமாக நினைக்கிற படிப்பு படிப்பல்ல. ஆனால் நாடு கேட்ட கேள்வி வேறு. வக்கீல் பிள்ளை மீதி நேரத்தில் எதைப் பழகுவான், வெட்டியான் பிள்ளை எதைப் பழகுவான் என்று கேட்டது. குலக்கல்வி என்று அதற்குப் பெயர் விழுந்தது. 1954 இல் ராஜாஜி பதவி விலகினார். பின்னால் வந்த காமராஜர் அந்த ஆண்டே திட்டத்தைக் கைவிட்டார்.

இதற்கு முன்பே, 1937 இல், காந்தியடிகள் வார்தாவில் தொழில்வழிக் கல்வியைப் பற்றிச் சொல்லியிருந்தார். இரண்டும் ஒன்றுதான் என்று சிலர் நினைக்கிறார்கள். ஒன்றல்ல. காந்தியடிகள் சொன்னது எல்லாக் குழந்தைகளும் ஒரு தொழிலைக் கற்க வேண்டும் என்பது. மற்றது, ஒவ்வொரு குழந்தையையும் அதன் தகப்பனார் தொழிலுக்கு அனுப்புவதில் போய் முடிந்தது. முன்னதில் தொழில் குழந்தைக்காக இருக்கிறது. பின்னதில் குழந்தை தொழிலுக்காக இருக்கிறது.

காரைக்காலுக்கு இந்தச் சண்டை எட்டவில்லை. மூன்று பக்கம் சென்னை ராஜ்யமும் ஒரு பக்கம் கடலுமாக இருந்த இந்தச் சிறு நிலத்தில் அப்போது பிரெஞ்சுக் கொடி பறந்தது. 1739 இல் ஏறிய கொடி 1954 நவம்பர் முதல் தேதிதான் நடைமுறையில் இறங்கியது; சட்டப்படியான மாற்றம் 1962 ஆகஸ்டு 16 இல் முடிந்தது. ஆனால் காரைக்காலுக்கு இதே கேள்வி வேறு வேஷத்தில் முன்பே வந்துபோயிருக்கிறது.

1881 செப்டம்பர் 21 ஆம் தேதி பிரெஞ்சு அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. பிரெஞ்சிந்தியாவில் உள்ள எவரும், தம் பிறப்பு வழியாக வந்த தனிச்சட்டத்தையும் வழக்கத்தையும் துறந்து, பிரெஞ்சுச் சிவில் சட்டத்தின் கீழ் வந்துவிடலாம் என்பது அதன் சாரம். துறந்தவர்கள் ஒரு குடும்பப் பெயரைத் தேர்ந்து எழுதிக்கொண்டார்கள். இந்த இயக்கத்தின் முன்னணியில் நின்ற வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை 'லப்போர்த்' என்ற பெயரை வைத்துக்கொண்டார். பிரெஞ்சில் அதற்கு 'வாசல்' என்று பொருள். ஒரு காகிதத்தில் கையெழுத்திட்டால் பிறப்பின் விலங்கு கழன்றுவிடும் என்று ஓர் அரசு சொன்னது அந்தக் காலத்துக்குப் பெரிய விஷயந்தான். ஆனால் காகிதம் பெயரை மாற்றலாம், பிழைப்பை மாற்றாது. வேறு தொழில் கற்க இடமும், கற்கிற வரையில் சாப்பாட்டுக்கு வழியும் இல்லாதவன் எந்தப் பெயரில் கையெழுத்திட்டாலும், மறுநாள் காலையில் அதே துருத்திக்கு முன்னால்தான் உட்கார வேண்டும்.

பிரான்சிலேயே ஒரு கருவிக்காரரின் கதை இருக்கிறது. லாங்ர் என்ற ஊரில் கத்தி செய்கிற கைதேர்ந்த தொழிலாளி ஒருவர் இருந்தார். அவர் செய்த அறுவை மருத்துவக் கத்திகளுக்கு நல்ல பெயர். அவருடைய மூத்த மகன் பட்டறையை விட்டுப் பாரிஸுக்குப் படிக்கப் போனான். படிப்பு முடிந்தும் ஒழுங்கான உத்தியோகத்தில் அமராமல் எழுத்து, தத்துவம் என்று அலைந்தான். தகப்பனாரின் கோபத்துக்கும் ஆளானான். அந்த மகன்தான் தெனி திதரோ. 1751 இல் அவர் வெளியிடத் தொடங்கிய கலைக்களஞ்சியம், பதினேழு தொகுதி எழுத்தும் பதினோரு தொகுதி படங்களுமாக வளர்ந்தது. கொல்லன், தச்சன், கண்ணாடி ஊதுகிறவன் என்று அதுவரை எந்தப் பெரிய புத்தகமும் ஏறெடுத்துப் பாராதவர்களின் வேலையை அது படிப்படியாக விவரித்தது. திதரோ தொழிற்கூடங்களுக்குப் போய்த் தொழிலாளர்களைக் கேட்டு எழுதிக்கொண்டார். சில வேலைகளைத் தாமே செய்தும் பார்த்தார். பட்டறையை விட்டுப்போக முடிந்த மகன், பட்டறைக்குச் செய்த மரியாதை அது. போகவிடாமல் உட்கார்த்திவைத்திருந்தால் லாங்ர் ஊருக்கு இன்னொரு நல்ல கத்திக்காரர் கிடைத்திருப்பார். அதுவும் நல்லதுதான். ஆனால் உலகத்தின் மற்றத் தொழிலாளர்கள் தங்கள் சாட்சியை இழந்திருப்பார்கள்.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் எழும். எல்லாப் பிள்ளைகளும் போய்விட்டால் உளி யார் செய்வது? அது வெறும் பேச்சல்ல. திருவாரூர் ஆழித்தேர் 1926 இல் எரிந்துபோயிற்று. புதிதாகச் செய்த தேர் 1930 இல் ஓடிற்று. ஒரு தேரின் உடம்பெல்லாம் சிற்பம். அத்தனை சிற்பத்துக்கும் எத்தனை உளிகள் தேய்ந்திருக்கும், எத்தனை முறை உலைக்குப் போய்த் திரும்பியிருக்கும்! பெரம்பலூர் மாவட்டத்து அரும்பாவூர் மரச்சிற்பங்களுக்கு 2020 இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தச் சிற்பியின் கையில் இருக்கிற உளிக்கு அப்படி ஒரு பெருமையை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. கொல்லன் நின்றுபோனால் சிற்பியும் ஒருநாள் நின்றுபோவான். ஆகவே தொழில் குடும்பத்துக்குள்ளேயே இருக்கட்டும் என்பவர்களின் கவலை பொய்க் கவலை அல்ல.

ஆனால் அவர்கள் ஒரு விஷயத்தை யோசிக்க வேண்டும். தேன் நிறத்தைக் கண்டதும் உளியை எடுத்துவிட வேண்டும் என்பது இரத்தத்தில் வருகிற அறிவா? அப்படியானால் அதை எனக்கு அந்த ஆசாரியார் கற்றுக்கொடுத்திருக்க முடியாது. தகப்பனாரிடமிருந்து மகனுக்குப் போனது இரத்தமல்ல, நெருக்கம். நாலு வயதிலிருந்து உலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நெருக்கம். அந்த நெருக்கத்தை விரும்பி வருகிற எவருக்கும் கொடுக்கலாம். மாமல்லபுரத்தில் 1957 இல் தொடங்கிய அரசினர் சிற்பப் பள்ளி, பின்னால் கல்லூரியாக வளர்ந்து, சிற்பத்தை வகுப்பறையில் கற்பிக்கிறது. ஸ்தபதி வீட்டுத் திண்ணையில்தான் கற்கலாம் என்று இருந்த கலைக்கு இன்னொரு திண்ணை கிடைத்தது. கலை அதனால் அழிந்துவிடவில்லை.

சென்ற சில வருஷங்களில் இந்தப் பழைய கேள்வி மறுபடியும் எழுந்தது. 2023 செப்டம்பர் 17 இல் மத்திய அரசு விசுவகர்மா திட்டத்தைத் தொடங்கியது. கொல்லர், தச்சர், கருவி செய்வோர் உள்ளிட்ட பதினெட்டுத் தொழில்களுக்குப் பயிற்சி, குறைந்த வட்டியில் கடன், கருவி வாங்க 15,000 ரூபாய் வரை உதவி. குடும்பத் தொழில் என்ற நிபந்தனையைத் தமிழ்நாடு அரசு ஆட்சேபித்தது. 2024 இல், இப்போதுள்ள உருவில் ஏற்க முடியாது என்று தெரிவித்து, குடும்பத் தொழிலாக இருக்க வேண்டியதில்லை என்ற கொள்கையுடன் தனியே ஒரு திட்டம் வகுத்தது. எழுபது வருஷத்துக்கு முன் நடந்த வாதம்! அரசியலை அரசியல்வாதிகளுக்கு விட்டுவிடுவோம். ஆசாரியாரின் அளவுகோலை எடுத்துக்கொண்டால் போதும் என்று எனக்குத் தோன்றுகிறது. எந்தத் திட்டமானாலும், யாரானாலும் உள்ளே வரலாம், வேண்டாதவன் வெளியே போகலாம் என்று இரண்டு வாசலையும் திறந்துவைக்கிறதா? வைத்தால் அது தொழிலுக்கும் நல்லது, மனிதனுக்கும் நல்லது. வெளியே போகிற வாசலை மூடிவைத்துத் தொழிலைக் காப்பாற்றுவது, காவல் போட்டுச் சங்கீதம் பாடவைப்பதைப் போன்றது. உள்ளே வருகிற வாசலைத் திறக்காமல் விடுவதோ, சங்கீதத்தையே மறந்துவிடுவது.

இத்தனைக்கும் மேலே, அரசு செய்ய முடியாத காரியம் ஒன்று நம்மிடம் இருக்கிறது. ஒரு நகவுளிக்குப் பட்டறையில் இரண்டு பேருடைய அரை நாள் உழைப்பும் ஒரு கூடைக் கரியும் போகின்றன. இயந்திரத்தில் ஆயிரக்கணக்கில் அடித்த உளியின் விலையைச் சொல்லி அதற்குப் பேரம் பேசுகிறோம். கதிர் அரிவாளுக்கு இருந்த தேவையை அறுவடை இயந்திரம் குறைத்துவிட்டது. மிஞ்சியிருக்கிற வேலைக்கும் கிடைக்கிற கூலி இதுதான் என்றால் எந்த மகன் வருவான்? எந்த அந்நியன் வருவான்? விலையைக் குறைத்துவிட்டுப் புகழை அதிகமாகக் கொடுப்பது நம் பழைய வழக்கம். புகழுக்குச் செலவில்லை.

தன் பிள்ளைக்குக் கொடுக்க மனமில்லாததை ஒருவன் மனமாரப் புகழலாமா என்ற கேள்விக்கு எனக்குக் கிடைத்த விடை இதுதான். புகழலாம், ஆனால் இரண்டு நிபந்தனைகள் உண்டு. அந்தத் தொழிலைச் செய்கிறவனின் பிள்ளையும் நம் பிள்ளையைப் போலவே வேண்டாம் என்று சொல்ல முடிய வேண்டும். வேண்டும் என்று சொல்லி அங்கேயே இருக்கிறவனுக்கு, அவன் பிள்ளை வெட்கப்படாத அளவுக்கு நாம் கூலி கொடுக்க வேண்டும். அப்படி ஒருநாள் வந்தால், கொல்லனுடைய மகன்களில் ஒருவனாவது தானாக விரும்பி உலைக்குத் திரும்புவான். வாத்தியார் மகளும் வந்து கற்றுக்கொள்வாள். நெருப்பு அவர்களையும் சுடும். ஆனால் அது அவர்கள் தேர்ந்துகொண்ட சூடாக இருக்கும்.